திருஷ்டிப் பொட்டு அல்ல

அருங்காட்சியகத்தின் காசில், அருங்காட்சியகத்தின் அனுமதியோடு, அதன் கூரைக்குள்ளேயே எடுத்து, கடைசியில் அதன் சுவரிலேயே ஓட்டுகிற படம் அந்த அருங்காட்சியகத்தை என்ன செய்துவிடும்? நவீன கலை பற்றிப் பேசக் கூடுகிற இடங்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதும் இல்லை. நல்லவர்கள்தான். காலனியக் கொள்ளையை வெறுப்பவர்கள், புரவலரின் பணம் எந்த வழியாக வந்தது என்று விசாரிக்கத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு இந்தப் படங்களெல்லாம் மியூசியம் தன் கன்னத்தில் தானே வைத்துக்கொள்கிற திருஷ்டிப் பொட்டு. அழகு கெடாத இடமாகப் பார்த்து வைப்பது, ஊர்க்கண் கழிந்ததும் குளிப்பாட்டித் துடைத்துவிடுவது, எல்லாம் ஒரே கை. கொஞ்சம் கறுப்பு இருந்தால் மேனி இன்னும் எடுப்பாகத் தெரியும், அவ்வளவுதான்.

இந்தக் கருத்து இன்று கிட்டத்தட்ட பொதுப்புத்தியாகிவிட்டது. அதை மறுக்கவே எழுதுகிறேன். அதன் கையில் சாட்சிகள் இருக்கின்றன, அவற்றை முதலில் முழுசாக எடுத்துவைப்பதுதான் நியாயம்.

1989 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரியா ஃப்ரேசர், ஜேன் காசில்டன் என்ற கற்பனைப் பெயரில் வழிகாட்டி அம்மாளாக வேடம் கட்டிப் பார்வையாளர்களைச் சுற்றிக் காட்டினார். தண்ணீர் குடிக்கும் குழாயை, மகத்தான சிற்பத்துக்குரிய அதே சொற்களால் புகழ்ந்து தள்ளினார். உணவகத்தையும் கழிப்பறையையும்கூட விட்டுவைக்கவில்லை. நடுவே, அந்நகரின் ஏழைகள் விடுதி பற்றிய பழைய ஆவண வாசகங்கள் ஒட்டுத் தெரியாமல் வந்து விழும். சிரித்துக்கொண்டே வருகிறவருக்குச் சட்டென்று தொண்டை அடைக்கும். 29 நிமிடம் ஓடுகிற அந்த ஒளிப்பதிவு, 'மியூசியம் ஹைலைட்ஸ்', இன்று பெரிய மியூசியங்களின் சேகரிப்பிலேயே பத்திரமாக இருக்கிறது. பிறகு கமீல் ஆன்ரோ. ஸ்மித்சோனியன் நிறுவனம் கொடுத்த ஆய்வு நல்கையில் அதன் இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்த பறவைகளின் வரிசைகளையும் உலகம் தோன்றிய கதைகளையும் 13 நிமிடத்தில் அடுக்கி 'க்ரோஸ் ஃபத்தீக்' எடுத்தார். 2013-ல் வெனிஸ் பியன்னாலேயில் வெள்ளிச் சிங்கம் கிடைத்தது. ஐசக் ஜூலியனின் ஐந்து திரைப் படமான 'மீண்டும் ஒருமுறை... (சிலைகள் சாவதில்லை)', 2022-ல் ஃபிலடெல்ஃபியாவின் பார்ன்ஸ் அறக்கட்டளை தன் நூற்றாண்டுக்காகச் சொல்லிச் செய்தது. அந்த அறக்கட்டளையை நிறுவிய ஆல்பர்ட் பார்ன்ஸையே, கறுப்பினச் சிந்தனையாளர் ஆலன் லாக்கின் முன்னால் உட்காரவைத்துக் கேள்வி கேட்கிற படம் அது. விழா வீட்டுக்காரரே பணம் கொடுத்துத் தன்னைக் கேள்வி கேட்கச் சொல்லியிருக்கிறார். இதற்குமேல் பொட்டு வேறு எப்படி இருக்கும் என்பார்கள்.

சரி. இனி 1953-க்குப் போவோம்.

அலியூன் தியோப் தொடங்கிய 'ப்ரெஸான்ஸ் ஆஃப்ரிக்கேன்' என்கிற பத்திரிகை, ஆப்பிரிக்கக் கலை பற்றி ஒரு குறும்படம் எடுத்துத் தரும்படி கிறிஸ் மார்க்கரையும் அலேன் ரெனேயையும் கேட்டது. அவர்களோடு ஒளிப்பதிவாளர் கிஸ்லேன் க்ளோகேயும் சேர்ந்தார். மூவரின் பெயரிலும் வந்த படம் 'சிலைகளும் சாகின்றன'. அதன் அடியில் கிடந்த கேள்வி பள்ளிப்பிள்ளை கேட்கக்கூடியது: கிரேக்கச் சிலையும் எகிப்தியச் சிலையும் லூவ்ரில் இருக்கும்போது, ஆப்பிரிக்கச் சிலை மட்டும் ஏன் மனித இனங்களைப் பற்றிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது? ஒன்று கலை, இன்னொன்று மாதிரிப் பொருளா? அந்தக் கேள்வியோடு படம் நின்றிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். பின்பாதியில் அது கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வருகிறது. சிலை செய்த கை, சந்தைக்காக உருவங்களை வார்க்கிற கையாக மாறியதைக் காட்டுகிறது. அதே கறுப்பு உடலை வெள்ளைக்காரர்கள் விளையாட்டு மைதானத்தில் கைதட்டி ரசிப்பதையும் தெருவில் அடிப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. 1954-ல் படத்துக்கு ழான் விகோ பரிசு வந்தது. தணிக்கைக் குழுவோ கடைசிப் பகுதியை வெட்டச் சொன்னது. அரை மணி நேரப் படம் முழுசாகப் பொதுத்திரைக்கு வர பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தடை செய்தது அரசு, மியூசியம் இல்லையே என்று எதிர்த்தரப்பு சொல்லும். உண்மைதான். ஆனால் கவனியுங்கள்: மியூசியங்களுக்குள் போய் எடுத்த காட்சிகள்தான் அந்தக் கோபத்துக்கு வித்து. லண்டன், பெல்ஜியம், பாரிஸ் என்று கண்ணாடிப் பெட்டிகளின் முன்னால் கேமராவை வைக்க முடிந்ததால்தான், பெட்டிக்கும் தெருவுக்கும் நடுவே கோடு இழுக்க முடிந்தது. வெளியே நின்று கல்லெறிந்திருந்தால் கட்டுரை எழுதியிருக்கலாம், அந்தப் படம் கிடைத்திருக்காது.

இதைவிடத் தெளிவான வழக்கு ஒன்று இருக்கிறது. 1970. லண்டனில் திரைப்படம் படித்த கானாக்காரர் நீ க்வாட்டே ஓவூ, பிரிட்டிஷ் மியூசியத்தின் நிலவறைக் கிடங்கில் படம்பிடிக்க அனுமதி வாங்கிவிட்டார். கிடைத்தது ஒரே ஒரு நாள். கறுப்பு வெள்ளையில் 16 நிமிடம்: 'என்னை ஒளித்துவைக்கிறாய்'. ஓர் ஆணும் ஒரு பெண்ணும், இருவரும் ஆப்பிரிக்கர்கள், அந்தக் கிடங்குக்குள் இறங்கி மரப்பெட்டிகளைத் திறக்கிறார்கள், பிளாஸ்டிக் பைகளை அவிழ்க்கிறார்கள். பைக்குள்ளிருந்து முகங்கள் வெளியே வருகின்றன. மேலே பொதுமக்கள் சுற்றிப்பார்க்கும் கூடங்களுக்கு அடியில் இத்தனை இருக்கிறது என்று அதற்குமுன் யார் காட்டினார்கள்? படம் பொருட்களைத் திருப்பிக் கேட்கிறது. தயக்கமில்லாத குரலில் கேட்கிறது. வேடிக்கை என்னவென்றால் அது தடைசெய்யப்பட்டது கானாவில். ஆங்கிலேயருக்கு எதிரானது என்று காரணம் சொன்னார்கள். சுதந்திரம் வாங்கிப் பத்தாண்டுக்குமேல் ஆன நாடு!

ஓவூ செய்தது சாட்சி எடுக்கிற வேலை. நான் சொல்ல வருவதெல்லாம் இந்த ஒன்றைத்தான். மியூசியத்தை வீழ்த்துவதும் திருத்துவதும் படத்தின் வேலை என்று நினைப்பவர்கள்தான், அது நடக்கவில்லை என்று கண்டதும் பொட்டு என்கிறார்கள். மியூசியம் தனக்குள் வைத்திருப்பதை, அதாவது கிடங்கை, ரசீதை, பட்டியலை, காவலாளியை, அறங்காவலர் குழுவை, ஊர் பார்க்கும்படி பதிவு செய்வதுதான் படத்தின் வேலை. பதிவான சாட்சி எப்போது பயன்படும் என்று எடுத்தவருக்கே தெரியாது.

பிரிட்டிஷ் மியூசியத்தில் ஏறக்குறைய 80 லட்சம் பொருட்கள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் காட்சியில் இருப்பவை 80 ஆயிரம், நூற்றுக்கு ஒன்று. எங்களிடம் இருந்தால்தான் பத்திரம் என்பது அந்த நிறுவனம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பதில். 2023 ஆகஸ்டில், கிடங்கிலிருந்து சுமார் 2,000 பொருட்கள் திருடப்பட்டோ காணாமலோ சேதமடைந்தோ போய்விட்டன என்று அதுவே ஒப்புக்கொண்டது. இயக்குநர் பதவி விலகினார். கலைப்பொருள் வணிகர் ஒருவர் 2021-லேயே எச்சரித்திருந்தார். காணாமல்போனவற்றில் பலவும் சரியாகப் பட்டியலில் ஏறாதவை. பட்டியலில் இல்லாதது தொலைந்தால் தொலைந்ததே தெரியாது, வீட்டுப் பரணுக்கும் இதே விதிதான். ஓவூ அன்று அவிழ்த்துக் காட்டிய பைகள் 53 ஆண்டு கழித்து வேறொரு பொருளோடு நம்முன் வந்து நின்றன. திருடுபோனவை ஆப்பிரிக்கப் பொருட்கள் அல்ல, பெரும்பாலும் கிரேக்க, ரோமானிய நகைக்கற்களும் பொன்னும் கண்ணாடியும். ஆனால் கிடங்கு என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்தச் செய்தி அதிர்ச்சியாக இருந்திருக்காது.

பார்ன்ஸ் நூற்றாண்டுப் படத்தை எதிர்த்தரப்பின் கடைசிச் சாட்சியாக வைத்தேன் அல்லவா? அதற்குள்ளே ஐசக் ஜூலியன் ஓவூவின் காட்சிகளை எடுத்துச் செருகியிருக்கிறார். கானாவில் தடைசெய்த படத்தின் காட்சிகள், ஒரு கோடீஸ்வரரின் பெயர் தாங்கிய மாளிகையின் ஐந்து திரைகளில், நூற்றாண்டு விழா விருந்தினர் முன்னால் ஓடின. ஜூலியனின் தலைப்பே மார்க்கர்–ரெனே படத்துக்குப் பதில் சொல்கிறது. மியூசியம் இதைச் செரித்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? வயிற்றுக்குள் போன ஒன்று, முன்னமே வயிற்றுக்குள் கிடந்த இன்னொன்றை எழுப்பிவிட்டிருக்கிறது. பொட்டு துடைத்தால் போய்விடும். இவை ஒன்றையொன்று தேடிப்போய்ச் சேர்கின்றன.

எல்லாப் படமும் சாட்சிதான் என்று சாதிக்க வரவில்லை. பொட்டுக்கும் கீழே போய் முகப்பூச்சாகவே நிற்கிற படங்கள் உண்டு. அலெக்சாந்தர் சொகுரோவின் 'ரஷ்யப் பேழை' (2002) எனக்கு மிகப் பிடித்த படங்களில் ஒன்று, கூச்சமில்லாமல் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்கு ஆலத்தி எடுக்கிற படமும்கூட. 2001 டிசம்பர் 23 அன்று, மியூசியத்தை ஒரு நாள் மூடி, 33 அறைகள் வழியாக, வெட்டே இல்லாமல் ஒன்றரை மணி நேரம் கேமரா நடந்தது. முதல் முயற்சிகள் பாதியில் நின்றுபோக, கடைசி முயற்சியில் ஒளிப்பதிவாளர் டில்மன் ப்யூட்னர் தோளில் சுமந்து நடந்து முடித்தார். மூச்சு நின்றுவிடும், அவ்வளவு அழகு. மியூசியத்தை நோவாவின் பேழையாக, கடலில் மிதக்கிற கடைசிப் புகலிடமாகக் காட்டுகிற அந்தப் படம், பேழையில் ஏற்றிக்கொள்ளப்படாதவர் யார் என்று ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. இந்த ஒரு படத்தை வைத்து எதிர்த்தரப்பு பேசினால் பாதி ஒப்புக்கொள்வேன். மீதிப் பாதி ஏன் இல்லை என்றால், அந்த ஆடம்பரத்துக்கு நடுவே திறக்கக்கூடாது என்று எச்சரித்த ஒரு கதவு திறக்கிறது. குளிர்ந்த அறை, காலியான சட்டங்கள், லெனின்கிராட் முற்றுகைக் காலம், ஒருவன் தன் சவப்பெட்டியைத் தானே செய்துகொண்டிருக்கிறான். முகப்பூச்சுப் படமே ஆனாலும் கேமரா எங்கோ ஓரிடத்தில் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

எதிர்த்தரப்பு பெரிதாக நம்பியிருப்பது ஃப்ரேசரையேதான். 2005-ல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், நிறுவனத்துக்கு வெளியே என்று ஒரு இடம் கலைஞருக்கு இல்லை, நிறுவனம் நமக்குள்ளேயே இருக்கிறது என்று வாதித்தார். பார்த்தீர்களா, அவரே கையைத் தூக்கிவிட்டார் என்று இவர்கள் கொண்டாடினார்கள். கட்டுரையை முழுக்கப் படித்தவருக்குத் தெரியும், அவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவில்லை, தலையில் ஏற்றிக்கொண்டார். நாமேதான் நிறுவனம் என்றால் எந்த மாதிரி நிறுவனமாக இருக்கப்போகிறோம் என்பதுதான் அவர் கேள்வி. அதன்பிறகு சும்மாவும் இருக்கவில்லை. 2016 அமெரிக்கத் தேர்தலில் நூற்றுக்கும் மேற்பட்ட மியூசியங்களின் அறங்காவலர்கள் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று திரட்டித் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் போட்டார். குழாயைப் புகழ்ந்த அம்மாள் கடைசியில் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

அறங்காவலர் என்றதும் விட்னி வந்துவிடுகிறது. நியூயார்க்கில் இருக்கிற இந்த மியூசியத்தின் குழுவில் வாரன் கேண்டர்ஸ் துணைத் தலைவராக இருந்தார். அவருடைய சஃபாரிலேண்ட் நிறுவனம் கண்ணீர்ப்புகைக் குண்டு தயாரித்தது. 2018 நவம்பரில் அமெரிக்க–மெக்சிகோ எல்லையில் குழந்தைகளோடு வந்த அகதிகள்மேல் வீசப்பட்ட குண்டுகளில் அந்தப் பெயர் இருந்தது. மியூசியத்தின் ஊழியர்கள் நூறு பேர் வரை கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். மறு ஆண்டு விட்னியின் பியன்னாலேக்கு அழைக்கப்பட்ட ஃபாரன்சிக் ஆர்க்கிடெக்சர் குழு, ஆவணப்பட இயக்குநர் லோரா பொய்ட்ரஸுடன் சேர்ந்து, அந்தக் குண்டின் பெயரையே தலைப்பாக வைத்து 'டிரிபிள்-சேஸர்' எடுத்தது. இணையத்தில் கிடக்கிற லட்சக்கணக்கான படங்களில் அந்தக் குண்டைத் தானே அடையாளம் காணும்படி ஒரு கணினியைப் பழக்குகிறார்கள். பழக்குவதற்குப் போதுமான அசல் படங்கள் இல்லாததால், கணினியிலேயே குண்டின் உருவத்தைச் செய்து, ஆயிரம் கோணங்களில், மண்ணில், புல்லில், பளபளப்பான கோலங்களின்மேல் போட்டுக் காட்டுகிறார்கள். வெறும் பத்து நிமிடப் படம். அதில் எவரும் கூச்சல் போடுவதில்லை. மியூசியத்தின் துணைத் தலைவர் விற்கிற பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மியூசியத்துக்குள்ளேயே பாடம் எடுக்கிறார்கள்.

2019 ஜூலையில் 8 கலைஞர்கள், ஃபாரன்சிக் ஆர்க்கிடெக்சரும் சேர்த்து, தங்கள் படைப்புகளை எடுத்துவிடும்படி கேட்டார்கள். 25-ஆம் தேதி கேண்டர்ஸ் விலகினார்.

படம் மட்டுமா விலக்கியது? கிடையாது. ஊழியர் கடிதம், வாரம் தவறாமல் நடந்த ஆர்ப்பாட்டம், விலகிய கலைஞர்கள், எல்லாம் சேர்ந்துதான். அதனால்தான் பொட்டு வாதம் பொய்யாகிறது என்கிறேன். மியூசியம் ஒரே உடம்பு, ஒரே மனசு, ஒரே வாய் என்று அந்த வாதம் நினைக்கிறது. விட்னிக்குள் சம்பளம் வாங்குபவரும் சம்பளம் கொடுப்பவரும் எதிரெதிர் நின்றார்கள். உள்ளே ஓடிய படம் உள்ளே இருந்தவர்களுக்குக் கிடைத்த கைப்பொருள். மியூசியம் எதையும் செரித்துவிடும் என்று சொல்லிக்கொண்டு வெளியே நிற்கிறவர், தன்னை அறியாமலே அறங்காவலருக்கு ஒரு நன்மை செய்கிறார். உள்ளே வராதே, வந்து பயனில்லை என்று கலைஞரிடம் சொல்வதற்கு இனி அறங்காவலர் வாய்திறக்க வேண்டியதே இல்லை.

காவலாளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹீட்டோ ஸ்டெயர்லின் 'கார்ட்ஸ்' (2012) படத்தில், சிகாகோ கலைக்கூடத்தின் காவலர்கள், முன்பு ராணுவத்திலும் காவல்துறையிலும் இருந்தவர்கள், ஓவியங்களுக்கு நடுவே எப்படி நகர்ந்து அறையைக் கைப்பற்றுவோம் என்று நடந்து காட்டுகிறார்கள். அதைப் பார்த்தபிறகு எந்தக் கூடத்திலும் மூலையில் நிற்கிற சீருடையைப் பார்க்காமல் கடக்க முடியாது. நான் முயன்று பார்த்தேன்.

இன்னொரு ஆட்சேபம் பாக்கி. இந்தப் படங்களுக்குக் கைதட்டுவது ஐரோப்பா, விருது கொடுப்பதும் ஐரோப்பா, ஆகவே இது அவர்கள் தங்கள் மனச்சாட்சிக்குப் போடுகிற பௌடர் என்பது. 2024-ல் பெர்லினில் தங்கக் கரடி வாங்கிய மத்தி தியோப்பின் 'டஹோமி'யைச் சுட்டுவார்கள். 1892-ல் ஜெனரல் டாட்ஸின் படை அபோமே அரண்மனையிலிருந்து அள்ளிய பொருட்களில் 26, பாரிஸின் கே ப்ரான்லி மியூசியத்திலிருந்து 2021 நவம்பரில் பெனின் நாட்டுக்குத் திரும்பிய கதை அது. 26-ஆம் எண் இட்ட மன்னர் கெஸோவின் மரச்சிலை, தன் ஊர் மொழியான ஃபோனில், இருட்டைப் பற்றியும் தனக்குப் பெயருக்குப் பதில் எண் இட்டதைப் பற்றியும் பேசுகிறது. பெட்டிக்குள் கேமராவே அடைபட்டு, மூடியில் ஆணி இறங்குகிற சத்தம் நம் தலைக்குமேல் கேட்கிறது.

இதுவரை உருக்கம்தான். பாதிக்குமேல் படம் அபோமே-கலவி பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. மாணவர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் எடுத்துப்போய்விட்டு 26-ஐத் திருப்புவது அவமானம் என்கிறார் ஒருவர். இதை நம் அரசியல்வாதிகள் விளம்பரமாக்குகிறார்கள் என்று இன்னொரு குரல். நான் இங்கே நின்று பிரெஞ்சில் பேசிக்கொண்டிருக்கிறேனே, அதை யார் திருப்பித்தருவார்கள் என்று மற்றொருவர் குமுறுகிறார். ஆய்வாளர்கள் ஃபெல்வின் சாரும் பெனெடிக்ட் சவுவாவும் 2018-ல் கொடுத்த அறிக்கை, பிரெஞ்சுப் பொதுச் சேகரிப்புகளில் சகாராவுக்குத் தெற்கே இருந்து வந்தவை சுமார் 90 ஆயிரம் என்றது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 26-ஐ வைத்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகளின் கோபம் புரியும். கைதட்டிய ஐரோப்பாவை மட்டுமல்ல, வரவேற்ற சொந்த அரசையும் திருப்பித் தாக்குகிறது இந்தப் படம். இதற்குத் தங்கக் கரடி கொடுத்தவர்கள் தெரிந்து கொடுத்தார்களா, தெரியாமல் கொடுத்தார்களா என்பது அவர்கள் பாடு.

உலக அருங்காட்சியகங்களின் மன்றம், அருங்காட்சியகம் என்றால் என்ன என்ற வரையறையை 2019-ல் கியோட்டோவில் முடிக்க முடியாமல் ஒத்திவைத்து, 2022-ல் பிராகாவில்தான் ஒருவழியாக நிறைவேற்றியது. அபோமே-கலவி மாணவர்களைக் கூப்பிட்டிருந்தால் ஒரு மத்தியானத்தில் முடித்திருப்பார்கள்.

கெஸோவின் பெட்டிக்குள் இருந்த இருட்டு நமக்கு அந்நியமில்லை. வெளிநாடுகளிலிருந்து மீட்டுவந்த நம் தெய்வத் திருமேனிகள் எல்லாமா கருவறைக்குத் திரும்பிவிட்டன? ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலருக்கு வாங்கி 2014-ல் திருப்பிக்கொடுத்த ஸ்ரீபுரந்தான் நடராஜர் வந்து இறங்கியபோது நாமும் கைதட்டினோம். மீண்டு வந்தவற்றில் பலவும், ஊர்க் கோயில்களில் பத்திரமில்லை என்று எடுத்துவைத்த ஆயிரக்கணக்கான திருமேனிகளோடு சேர்ந்து, பாதுகாப்பு மையங்களில் பூட்டுக்குள் நிற்கின்றன. பத்திரம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். இதே சொல்லைத்தான் லண்டனும் சொன்னது.

1851-ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்னைக்காரர்கள் வைத்த பெயர் செத்த காலேஜ். மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். பாரிஸில் மூன்று பேர் சேர்ந்து தங்கள் படத்துக்குத் தலைப்புத் தேடிய காலத்தில் நம் ஊரில் ரிக்‌ஷாக்காரருக்கும் சிலைகளும் சாகும் என்பது தெரிந்திருந்தது. அருங்காட்சியகத் துறைக்கும் அறநிலையத் துறைக்கும் என் வேண்டுகோள் இதுதான்: படம் படித்துவிட்டு வேலை தேடி அலைகிற ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ உங்கள் கிடங்கைத் திறந்துவிடுங்கள். காப்பாட்சியர் கூடவே இருக்கட்டும், பூட்டும் சாவியும் அவர் கையிலேயே இருக்கட்டும், வெளிச்சத்துக்கு அளவு வையுங்கள். எடுத்ததை வெட்டச் சொல்லாதீர்கள். ஒரு நாள் கொடுங்கள். ஓவூவுக்குக் கிடைத்ததும் அவ்வளவுதான்.